யானைகளுக்கு முன்னே கட்டியவர்கள்

மேற்கு மலைகளின் பின்னே செங்கதிரோன் சரிய, வெள்ளாற்று மணல் திட்டுகளில் நாணல் பூக்கள் பொன்னிறம் பூண்டு அசைந்துகொண்டிருந்த அந்த எழிலார்ந்த அந்திப்பொழுதில், ஆற்றங்கரைப் பாசறையில் நடந்த காரியத்தை எழுதவே கை கூசுகிறது, அன்பு வாசகர்களே!

"பெண்டிரும் பிள்ளைகளும் நோயாளரும் கோட்டையை விட்டு வெளியேறலாம், அவர்களுக்குத் தீங்கு நேராது" என்று அன்று காலையில் முரசறைவித்திருந்தார், முற்றுகையிட்ட படையின் சேனாதிபதி கோளரியார். போருக்கு முன் அவ்வாறு அறிவிப்பது தமிழ் மன்னர்களின் பழைய வழக்கம். அதை நம்பி நெடுங்குன்றக் கோட்டையிலிருந்து வந்தவர்களைத்தான் இப்போது போர் யானைகளுக்கு முன்னே வடக்கயிற்றால் பிணைத்துக்கொண்டிருந்தார்கள். சொந்த மக்கள்மீது கோட்டை வீரர்கள் அம்பு எய்ய மாட்டார்களாம். யானைகள் சுகமாகப் போய்க் கதவை உடைக்குமாம். சீச்சீ, இதற்குப் பெயர் போர்த்தந்திரம்!

காலையில் அந்த அறிவிப்பைக் கூறியவன் நன்மாறன் என்னும் இளம் வீரன். கட்டுண்டு நின்ற மருத்துவர் மகள் பொற்கோதை அவனை அடையாளம் கண்டுகொண்டாள்.

"உமது சொல்லை நம்பித்தானே ஐயா நோயாளிகளை அழைத்து வந்தேன்?" என்று கூறிக் காறித் துப்பினாள்.

நன்மாறன் அங்கே நிற்கவில்லை. நேரே சேனாதிபதியிடம் சென்றான்.

"ஐயா! இது அரசர் பெயரால் கொடுத்த வாக்கு."

"அறத்தைப் புலவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், தம்பி. எனக்குக் கோட்டை வேண்டும்" என்றார் கோளரியார், வெற்றிலையைக் குதப்பியபடி.

"அப்படியானால் என்னையும் அவர்களோடு கட்டுங்கள்!"

"கட்டுங்களடா இவனை!"

கட்டினார்கள். முதல் யானையின் பாகன் குனிந்து பார்த்தான்; பதறிக் கீழே குதித்தான்.

"ஐயோ, இளவரசர்! அரண்மனையில் இவருக்கு யானையேற்றம் பழக்கியவன் நானல்லவா?" என்று அலறினான்.

ஆம், போர்த்தொழில் பயில வேற்றுப் பெயரில் படையில் சேர்ந்திருந்த மன்னரின் மைந்தனே அவன்! குழந்தைகளின் அழுகைக்கு இளகாத கோளரியார், இப்போது நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "அவிழுங்கள்! உடனே அவிழுங்கள்!" என்று கதறினார். தூ, என்ன மனிதர்!

"எல்லாரையும் அவிழ்த்த பிறகு என்னை அவிழ்க்கலாம். கோளரியாரே, உமது வாளைக் கழற்றி வையும்!" என்றான் இளவரசன்.

அப்படியே நடந்தது. கடைசியாகப் புறப்பட்டவள் பொற்கோதை. அவள் விழிகளில் சிறிதேனும் கனிவு தெரியுமா என்று அவன் ஏங்கினான்.

"அம்மணி, இந்தப் படையின் வாக்கு இனிப் பொய்க்காது. என் உயிர்மீது ஆணை!"

"நீர் நல்லவர்தாம், இளவரசே. ஆனால் இனி எந்தப் படை வந்து எந்த ஆணையிட்டாலும், எங்கள் நோயாளிகள் கோட்டைக்குள்ளேயே கிடந்து சாவார்கள்" என்று கூறிவிட்டு, அவள் திரும்பிப் பாராமல் நடந்தாள்.