மஞ்சள் தடவிய மீன்தோல்

"மீன் வேணாமா? தோல் மட்டும் போதுமா?"

வத்தேகம சந்தையின் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நுஹா குடையை மடக்கிவிட்டு, மீன்கடைக்காரனைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"ஓ, நானா," என்றாள், அண்ணன் முறை வைத்து. "ஜப்பான் மீன்ட தோல் மட்டும்."

"எத்தன பூன வளக்கிறீங்க, மிஸ்?"

பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். நுஹாவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று நிமிர்ந்தாள்... அவன் கண்களைப் பார்த்தாள். மழை வெளிச்சத்தில் பால் கலக்காத தேநீரின் நிறம். வாய் சிரிப்பதற்கு முன்பே சிரித்துவிடுகிற கண்கள். யா அல்லாஹ்... சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பூனைக்கில்ல. சீனி வருத்தத்துல கால் புண் ஆறாத ஆக்களுக்கு மருந்து செய்யிறதுக்கு."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. கத்தியைக் கழுவினான். தோல்களை ஒவ்வொன்றாக உரித்து, ஐஸ் போட்டுக் கட்டிக் கொடுத்தான்.

"எங்கட உம்மாவுக்கும் அந்த வருத்தம்தான். காசு வேணாம் மிஸ். நாளைக்கும் வாங்க."

அவன் பெயர் அஹ்னாப் என்பதை அடுத்த கடைக்காரர் கூப்பிட்டபோது தெரிந்துகொண்டாள். பஸ்ஸில் அந்தப் பெயரை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள்... ஒரேயொரு முறைதான்!

நுஹா பேராதனையில் மருத்துவப் பொறியியல் ஆய்வு செய்கிறாள். ஊரில் ஜப்பான் மீன் என்று சொல்லும் திலாப்பியாவின் தோலைக் காய்ச்சி ஜெலட்டின் எடுப்பாள். அதில் மருந்தைக் கலந்து கண்ணாடித்தாள் போல மெல்லிய படலமாக வார்ப்பாள். நீரிழிவுப் புண்மேல் ஒட்டினால் படலம் மெல்ல மெல்லக் கரையும். மருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும்.

முதலில் ஆய்வுகூடத்துப் போத்தலில் இருந்த ஜெலட்டினைத்தான் எடுத்தாள். அது பன்றித்தோலில் எடுத்தது. "இத நான் கால்ல ஒட்டுவேனா, மகள்?" என்று வாப்பா ஒருநாள் கேட்டார். மாட்டுத்தோல் என்றால் ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் படுத்திருக்கும் இந்துவின் மனம் கூசும். வலியோடு படுத்திருக்கும் ஒருவரிடம் மருந்தா, மனசாட்சியா என்று கேட்கக்கூடாது... அந்தப் பிடிவாதம்தான் அவளை மீன்பெட்டியோடு பஸ் ஏற வைத்தது.

ஆனால் படலம் சரிவரவில்லை. சில கரையாமல் கிடந்தன, சில ஒரேயடியாகக் கரைந்து போயின. வழிகாட்டும் கலாநிதி மதனி யாழ்ப்பாணத்துக்காரி. அன்பானவர், ஆனால் கண்டிப்பு.

"நுஹா, மாத முடிவில மீளாய்வுக் குழு வருகுது. ஒரு நல்ல முடிவாவது காட்டும். இல்லாட்டி இந்த ஆய்வை நிப்பாட்டச் சொல்லுவினம்."

"காட்டுவன் மிஸ். இன்ஷா அல்லாஹ்."

அந்த வாரம் வார்த்த படலம் மஞ்சளாக இருந்தது! எவ்வளவு மருந்து வெளியேறுகிறது என்பதை ஒளியைச் செலுத்தித்தான் அளப்பார்கள். மஞ்சள் நிறம் அந்த அளவையெல்லாம் குழப்பிவிட்டது.

"இது எங்கால வந்தது?" என்றார் மதனி.

நுஹா மீதித் தோலை முகர்ந்து பார்த்தாள். மஞ்சளும் உப்பும்! தடவிக் கழுவித் தந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை.

நேரே சந்தைக்குப் போனாள்.

"யார் உங்களை மஞ்சள் போடச் சென்ன? கறி வெக்கிறதுன்னு நினச்சீங்களா? ஒரு வார வேல நாசம்! தெரியாத வேலயில கை வெக்காதீங்க!"

கடைகள் எல்லாம் வேடிக்கை பார்த்தன. அஹ்னாபின் முகம் சிவந்தது.

"மன்னிச்சிருங்க மிஸ். நாளையில இருந்து வேற கடையப் பாருங்க."

பார்த்துக்கொள்கிறேன் என்று வீம்பாகத் திரும்பினாள். அடுத்த சில நாள் வேறு கடையில் வாங்கினாள்; கிடைத்த தோல் பாதி அழுகியிருந்தது. அதையும் விடாமல் சுமந்துகொண்டு பஸ் ஏறினாள். எப்போதும் அந்த பஸ்ஸில் வரும், மஹய்யாவவைச் சேர்ந்த நடத்துனர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னங்க மிஸ், பழையபடி நாத்தமா? ஆளுங்க மூக்கப் பொத்துறாங்க பாருங்க. போன வாரந்தான் அஹ்னாப்கிட்ட சொன்னேன், பாவம் அந்தப் புள்ள, எல்லாரும் தள்ளித் தள்ளி உக்கார்றாங்கன்னு. நான் பாத்துக்கிறேன்னு சொன்னானே..."

நுஹா கையிலிருந்த பெட்டியைக் குனிந்து பார்த்தாள். மீன் வாடை போக இந்த ஊர்ப் பெண்கள் எல்லாரும் செய்வதைத்தானே அவனும் செய்திருக்கிறான்... எனக்காக! அந்த நல்ல மனதை நான் நடுச்சந்தையில் வைத்து வெட்டிவிட்டேனே...

மறுநாள் காலை அதே மழை. அதே கடைக்காரர்கள் பார்க்க, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நான் பேசினது பிழை, நானா. மன்னிச்சிருங்க."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். குனிந்து பலகைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தான். உரித்த தோல், வெறும் ஐஸ், இறுக்கமான மூடி.

"நீங்க வரல்லாட்டியும் ஒவ்வொரு நாளும் எடுத்து வெச்சன், மிஸ்."

அதன்பின் நுஹா பின்வாங்கவே இல்லை. பிழையாகப் போனது, மறுபடி வார்த்தாள். சூட்டைக் குறைத்தாள், மறுபடி வார்த்தாள். மீளாய்வுக்கு முந்திய நாள் ஒரு படலம் கரைந்தது... அவசரமில்லாமல், ஒரே சீராக. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. அங்கேயே நெற்றி தரையில் பட சுஜூதில் விழுந்தாள்.

குழுவினர் படலத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். "தொடர்ந்து செய்யுங்கள்" என்றார்கள்.

அன்று சந்தை கலையும் நேரத்தில் ஓடி வந்தாள்.

"சரி வந்திட்டு! இன்னும் மிச்சம் வேல ஈக்கி, மருந்தாகி வாறதுக்கு வருசங்கள் போகும். ஆனா சரி வந்திட்டு!"

"அல்ஹம்துலில்லாஹ்!" அவன் கண்கள் முதல்நாள் போலச் சிரித்தன. பிறகு தாழ்ந்தன. "இனி பெரிய ஆளாகிடுவீங்க. நான் மீன் வெட்டுறவன்... ஒண்டு கேக்க நினச்சேன். கேக்க மாட்டேன். இந்தக் கையில வாசம் போகாது, மிஸ்."

நுஹா தன் கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"தேசிக்காய், சோப்பு, என்ன போட்டும் எனக்கும் போகல்ல. கேளுங்க."

அவன் மெல்லச் சிரித்தான். "எங்கட வாப்பாவ உங்கட வீட்டுக்கு அனுப்பவா, நுஹா?"

மிஸ் காணாமல் போயிருந்தது. அவள் சொல்லாத பெயரை எங்கே விசாரித்தானோ! அவள் கன்னம் சூடாகியது.

"கலியாணத்துக்குப் பொறகும் நான் ஆய்வுகூடத்துக்குப் போவன்."

"போகாட்டி இந்தத் தோலெல்லாத்தையும் நான் பூனைக்கா குடுக்கிற?"

மழை வலுத்தது. அவள் குடையை விரித்தாள். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"வாப்பாவ வெள்ளிக்கிழம வரச் செல்லுங்க... அஹ்னாப்."