பதினேழாவது நோயாளி

காலை ஒன்பதரை மணிக்கு ஆய்வுக்கூடத் திரையில் இரண்டு வயிறுகள் அருகருகே தெரிந்தன, குறுக்கே அறுத்துப் பார்த்தாற்போல. இடப்புறம், மருத்துவமனையிலிருந்து வந்த பதினேழாவது நோயாளியின் சிடி ஸ்கேன். வலப்புறம், உலகத்தில் இல்லாத ஒரு மனிதனுக்குக் கம்ப்யூட்டர் கணக்கிட்டு வரைந்த ஸ்கேன். இரண்டு கல்லீரலிலும் ஒரே இடத்தில் ஒரே கட்டி. நெளிந்த ஓரம்கூட மாறவில்லை.

"இருக்கிற ஆளுக்கும் இல்லாத ஆளுக்கும் ஒரே கட்டி எப்படிம்மா வரும்?" என்றார் இயக்குநர்.

வலப்புறப் படத்தை உருவாக்கிய பெண் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். நோயாளியின் ஸ்கேனைத் திருடித் தன் கணக்கில் வந்ததாகக் காட்டினாள் என்பது குற்றச்சாட்டு. மாலைக்குள் விளக்கம் வராவிட்டால் வேலை போகும். போலீஸும் வரும்.

போலீஸ் முன்னாலேயே வந்துவிட்டது. அவள் அழுதுகொண்டே போன் செய்து வரவழைத்த அத்தை, ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அவரை யாரும் பார்த்ததில்லை. பணியில் இருந்த காலத்தில் எந்த மேலதிகாரிக்கும் வளையாத முதுகு அது.

"நம்ம வீட்டுல யாரும் அடுத்தவன் பொருளைத் தொட்டதில்லை" என்றார். "நீ தொட்டிருந்தா நானே போன் பண்ணிப் பிடிச்சுக் கொடுப்பேன். இப்ப சொல்லு, இது என்ன வேலை?"

"நிஜ ஆளுக்குத் திரும்பத் திரும்ப எக்ஸ்ரே காட்ட முடியாது அத்தை, உடம்புக்குக் கெடுதல். அதனால கம்ப்யூட்டருக்குள்ள ஓர் உடம்பு செஞ்சு, எக்ஸ்ரே அதுக்குள்ள எப்படிப் போகும்னு கணக்குப் போடறோம். கட்டியை நாமே வைக்கறதால, அது எங்க இருக்குன்னு முன்னாடியே தெரியும். புது மெஷின் அதைச் சரியாக் காட்டுதான்னு சோதிக்கலாம்."

"உடம்புக்கு அளவு?"

"ஆட்களை வரவழைச்சு, நிக்க வச்சுச் சுத்திலும் கேமரால அளந்தேன். உள்ளுறுப்பெல்லாம் நான் செஞ்சது."

"என் முதுகுவலிக்கு எடுத்தாங்களே, அதே ஸ்கேன்தானே? முதுகைச் சப்பட்டையா காட்டியிருந்தான். இது நான் இல்லைன்னு சண்டைக்கே போயிட்டேன்."

அழுகைக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நீங்க சண்டை போடாத ஆஸ்பத்திரி எது அத்தை?"

அத்தை திரைக்குத் திரும்பினார். "இடது படத்துல கீழே ஒரு கோடு இருக்கே, அது என்ன?"

"ஸ்கேன் மேஜை. என் படத்துல மேஜை போடறதில்லை."

"அதை அழிச்சுட்டாப் போதும், திருட்டுப் படம் சொந்தப் படமாயிடும்" என்று அறை மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. மருத்துவமனைப் படங்களைத் திரட்டித் தரும் ஸ்கேன் மருத்துவர்.

அத்தை அவரிடம் போனார்.

"பதினேழாவது ஆள் யாரு?"

"பேரை நீக்கிட்டுத்தான் தருவாங்க. எனக்கே தெரியாது."

"அடுத்த வார மெஷின் சோதனைக்கு நாற்பது படம் கேட்டிருந்தாங்களாமே. நாற்பதும் ஆஸ்பத்திரி கொடுத்துச்சா?"

"நாற்பதும் வச்சிருக்கேனே. எண்ணிப் பாருங்க."

"நான் அதைக் கேக்கலை. இவ படங்கள் உங்க கைக்கு வருமா?"

"பொது டிஸ்க்ல கிடக்கும். யார் வேணும்னாலும் பார்க்கலாம்." அவர் சிரித்தார். "மேடம், நீங்க சொந்தக்காரங்க. விட்டுக்கொடுப்பீங்களா?"

"சொந்தம்கிறதாலதான் அவளை முதல்ல சந்தேகப்பட்டேன். இப்ப உங்க முறை."

பிற்பகல் மூன்று மணிக்கு எல்லோரும் திரை முன்னால் இருந்தார்கள். நாற்பது நோயாளிகளையும் ஒவ்வொருவராகக் காட்டச் சொன்னார் அத்தை. நாற்பதும் முடிந்ததும் பதினேழாவதுக்குத் திரும்பி நிறுத்தச் சொன்னார்.

"எல்லாரும் கட்டியையே பார்க்கறீங்க. முதுகைப் பாருங்க. மத்தவங்க முதுகெல்லாம் மேஜையில அழுந்திச் சப்பட்டையா இருக்கு. படுத்தா யாருக்கும் சதை அமுங்கும், எனக்கும் அமுங்கிச்சு. இவருக்கு மட்டும் உருண்டையா இருக்கு. மேஜையில ஒரு நூல் அளவுதான் படுது. நோயாளி படுத்தாரா, மிதந்தாரா?"

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரையருகே குனிந்தார்.

"மேஜையை அழிக்கலாம். அழுந்தின முதுகு அதனால உருண்டையாகாது. இது நின்ன உடம்பு. இவ அளந்த உடம்பு. இவளோட படத்தை எடுத்து, கீழே மேஜையை வரைஞ்சு நோயாளியாக்கியிருக்காங்க. இவரை மாதிரி இன்னும் மூணு பேர் மிதக்கறாங்க." ஸ்கேன் மருத்துவரை நேராகப் பார்த்தார். "ஆஸ்பத்திரி கொடுத்தது முப்பத்தாறு. சரிதானே டாக்டர்?"

மருத்துவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அது அவ ஒதுக்கி வச்ச பழைய படம். திரும்ப எடுப்பான்னு நினைக்கலை. நாலு படம் குறைஞ்சுது, கெடு நெருங்கிடுச்சு..." சட்டென்று நிமிர்ந்தார். "அப்ப அவ செஞ்ச எல்லா உடம்பும் தப்புதானே? படுக்கத் தெரியாத உடம்பு! அதையும் சொல்லுங்களேன்!"

திருட்டிலிருந்து தப்பிய வீட்டுப் பேர் இப்போது அவள் வேலையின் பிழையில் மாட்டிக்கொண்டிருந்தது. அத்தை அண்ணன் மகளையே பார்த்தார்.

அவள் எழுந்தாள். "ஆமா சார், தப்புதான். என் படம் எல்லாத்துலயும் இருக்கு. படுத்த உடம்பை அளந்து முதல்லேர்ந்து செய்யணும். அடுத்த வாரச் சோதனையை நிறுத்திடுங்க."

இயக்குநர் தலையசைத்தார். மருத்துவரைத் தன் அறைக்கு வரச் சொன்னார்.

அத்தை செருப்பைக் கழற்றினார். பக்கத்து அறையில் இருந்த மேஜையில் ஏறி, விறைப்பாக மல்லாந்து படுத்தார்.

"கேமராவை எடுத்துட்டு வாடி" என்றார். "நம்ம வீட்டு முதுகும் அமுங்கும்னு முதல் கணக்கு போட்டுக்கோ."