மடிக்காத முனை

1986 பிப்ரவரி 9 அன்று காலை, களக்காட்டுக்கு மேற்கே, ஆனைக்கல் மலையடிவாரத்திலிருந்து மூன்று பேர் புறப்பட்டனர்.

கொள்ளைக்குப் பயந்து ஊர்க் கோயில் நகைகளைச் செப்புக் குடத்தில் இட்டு, வாயை அரக்கால் அடைத்து, மலைக் குகையில் ஒளித்தார்கள் என்பது பழைய பேச்சு. தேனெடுக்கப் போன ஒருவர் அந்தக் குடத்தைக் கண்ணாலேயே பார்த்து வந்து சொன்ன பிறகு சும்மா இருக்க முடியுமா? நர்ஸ் பிரம்மசக்தி, அவள் தம்பி கொம்பையா, அத்தை மகன் மாசானம் மூவரும் கிளம்பினார்கள். குடத்தை ஊர் முன்னால்தான் திறப்பது என்று கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியமும் செய்திருந்தார்கள்.

முதலுதவிச் சாமானைச் சக்தி அடுக்கும் விதமே தனி. சாண் நீள எவர்சில்வர் சம்புடம். பேண்டேஜ் சுருளின் நடுவில் டிங்சர் குப்பி, இண்டு இடுக்கெல்லாம் பஞ்சு. குலுக்கினால் சத்தம் வராது. தண்ணீர் புகாமல் மூடியைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டி, அதன் முனையை மட்டும் நகக்கண் அளவு மடித்துவிடுவாள். ஒரு கை மாட்டிக்கொண்டாலும் மறுகையால் இழுத்துத் திறக்கலாம். தேவை வரும்வரை யாரும் பிரிக்கக் கூடாது. அதை மாசானத்திடம்தான் கொடுத்திருந்தாள். தையில் அவனோடு அவளுக்குப் பரிசம் போட்டிருந்தது.

மதியம் குகை வாசலை எட்டினார்கள். குடம் இருந்தது! எட்டி எடுக்கப் போன கொம்பையாவின் காலடியில் கல் உருண்டது. விழுந்த வேகத்தில் பாறை விளிம்பு கெண்டைக்காலைக் கிழித்தது. ரத்தம் பீறிட்டது.

சக்தி இடக்கையால் காயத்தை அழுத்திக்கொண்டே வலக்கையில் சம்புடத்தை வாங்கினாள். விரல் பிளாஸ்திரியைச் சுற்றித் தேடியது. முனை மடிக்கப்பட்டிருக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். மாசானம் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பல்லால் கடித்துப் பிரித்தாள். உள்ளே ஒரு சின்ன உளி, மடித்த துணிப்பை.

"மருந்தெல்லாம் எங்க அத்தான்?"

"வீட்டுல இருக்கு. என்ன ஆயிரப்போவுதுன்னு நெனச்சேன்."

"உளி எதுக்கு?"

வலியில் முனகிக்கொண்டே கொம்பையா சொன்னான்: "கொடத்துக்கு ஊசி போடத்தான். வேற எதுக்குக்கா?"

அவளுக்கு அழ நேரமில்லை. துணிப்பையை நாலாக மடித்துக் காயத்தில் வைத்தாள். முந்தானையைக் கிழித்து அதற்கு மேலே இறுகக் கட்டினாள். அப்படியும் ரத்தம் நிற்கவில்லை. கட்டுக்குள் உளியைச் செருகி முறுக்கினாள். ரத்தம் மெல்ல அடங்கியது.

குடத்தையும் ஒரு கையில் கொண்டு வந்துவிடுவதாக மாசானம் சொன்னான்.

"கொடத்தத் தொடாதீங்க. எந்தம்பியத் தூக்குங்க."

அத்தான் என்ற சொல் அதன் பிறகு அவள் வாயில் வரவில்லை. அடிவாரம் வரை கட்டிலிருந்த உளியைப் பிடித்தபடி, கொம்பையாவைச் சுமந்த அவன் பின்னாலேயே இறங்கினாள்.

கொம்பையாவின் கால் பிழைத்தது. ஊரார் திரண்டு போய்க் குடத்தை இறக்கினார்கள். கோயில் வாசலில் அரக்கை உடைத்தபோது அம்மனின் அட்டிகையும் ஒட்டியாணமும் இருந்தன. கொம்பையா கம்பூன்றி வந்து பார்த்தான். குலவை ஓய வெகுநேரமாயிற்று.

அதற்குப் பின் சக்தி சம்புடத்தைத் தன் தோள்பையில்தான் சுமந்தாள். கிளம்புமுன் முனையைத் தடவிப் பார்த்துக்கொள்வாள்.

பங்குனியில் பரிசச் சேலை மாசானத்தின் வீட்டுக்குத் திரும்பிப் போனது.