சீழா, மலமா

மறுபடி மறுபடி சோப்புப் போட்டும் டாக்டர் ஓயாமாவின் விரல்களிலிருந்து நாற்றம் போகவில்லை. மலத்தின் நாற்றம். ஆனால் காலையில் அவர் திறந்த வயிற்றில் மலமே இருக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே ஹச்சினோஹே துறைமுகத்தின் மேல் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பிற்பகலிலேயே இருட்டு இறங்க, சுவருக்குள் ஓடிய வெந்நீர்க் குழாய்கள் வயிற்றுவலிக்காரர்களைப் போல விட்டுவிட்டு முனகின.

காலையில் வந்தவள் நுமாதா, பள்ளிக்கூடத்தில் சமையல் செய்பவள். விரலில் கழற்ற வராத கல்யாண மோதிரம். குடல் வெடித்து வயிறெல்லாம் சீழ். வயது என்ன, வெடித்து எவ்வளவு நேரம், உள்ளே இருப்பது சீழா மலமா என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டினால், ஆள் தேறுமா என்று ஓரளவு தெரிந்துவிடும். புள்ளி எல்லை தாண்டினால், தேறாத ஆள் என்று படுக்கை தரமாட்டார்கள். மலத்துக்குச் சீழைப்போல இரண்டு மடங்கு புள்ளி. தீவிர சிகிச்சைப் பிரிவில் காலியாக இருந்தது ஒரே படுக்கை. அதே படுக்கைக்கு மருத்துவமனை இயக்குநரின் மாமனாரும் காத்திருந்தார். இயக்குநர் வாய் திறந்து கேட்கவில்லை. ஓயாமாவாகவேதான், சீழைப் பார்த்துக்கொண்டே, "மலம்" என்றார். படுக்கை கைமாறியது.

"புள்ளி எல்லை தாண்டிடுச்சுங்க. இனி எங்க கையில இல்ல."

அவள் கணவன் இடுப்பு மடியக் குனிந்தான். "எங்களால உங்களுக்கு எவ்வளவு சிரமம்! மன்னிச்சுக்கங்க, டாக்டர்."

அந்த மன்னிப்பைக் கேட்டபோது ஓயாமாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. பதிலுக்குக் குனிந்தார். நிமிர மனம் வரவில்லை. மதியம், பொது வார்டில், அவள் போய்விட்டாள்.

"அடுத்த ஆள் தயார், டாக்டர்." நர்ஸ் ஹத்தோரி எட்டிப் பார்த்தாள். "குடல்வால் வெடிச்சிருக்கு. மீன் லாரி ஓட்டுறவர்."

"உனக்கு ஏதாவது நாறுதா?"

"மருந்து வாடைதான். நீங்க மதியம் ஒரு வாய்கூடச் சாப்பிடல, அதான் இப்படி."

முகக்கவசத்துக்குள் தன் முகம் மறைந்ததில் அவருக்குச் சின்ன நிம்மதி. கத்தி இறங்கியது. சீழ்தான். வெறும் சீழ். உப்புநீர் ஊற்றி அலசிக்கொண்டே கல்லீரலுக்கு அடியில் கையை விட்டார். வெதுவெதுப்பு. வழுவழுப்பு.

பிறகு, குளிர்.

ஏதோ தொட்டது. குடல் இல்லை.

விரல்.

இன்னொன்று.

"என்னன்னு எழுதட்டும், டாக்டர்?" ஹத்தோரி கேட்டாள். "சீழா, மலமா?"

அவர் விரல்களின் இடுக்குகளில் ஒவ்வொன்றாக நுழைந்து, அந்த விரல்கள் கோத்துக்கொண்டன. கையுறையின் மேல் ஒரு மோதிரம் சில்லென்று பதிந்தது.

"டாக்டர்?"

இழுத்தார். வரவில்லை.

உள்ளே இருந்த கை, ஆறுதல் சொல்வதுபோல, அவர் கையை மெல்ல அழுத்தியது. பிறகு ஆழத்துக்கு இழுத்தது. மணிக்கட்டுவரை. முழங்கைவரை.