தெற்குக் கேட்டை மூடியது யார்

நாங்கள் ஆரினின் பண்ணைக்குக் குடிவந்தது ஜூன் கடைசியில். காரில் இரண்டு பெட்டி, ஒரு மீன்தொட்டி, அவ்வளவுதான். சிகாகோவில் ஒன்பதாவது மாடியில் இருந்தவர்கள் நாங்கள். வயோமிங்கில் ஒரு பள்ளி நூலகத்தில் அம்மாவுக்கு வேலை கிடைத்து வந்த முதல் மாதமே எங்கள் கார் சேற்றில் இறங்கிவிட்டது. தன் பிக்கப் வண்டியில் சங்கிலி மாட்டி இழுத்துவிட்டவர் ஆரின் டக்கெட்.

"இதை வித்துட்டு ஒரு கோவேறு கழுதை வாங்கிக்குங்க" என்றார்.

அம்மா சிரித்தாள். அப்பா விட்டுப் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அதனால்தான், அவர் எங்களைப் பண்ணைக்கே வந்துவிடச் சொன்னபோது, நானும் முனகாமல் பெட்டியைக் கட்டினேன். கல்யாணம் செப்டம்பரில் என்று பேச்சு.

ஆரின் எங்களுக்கு வைத்த விதி ஒன்றுதான். ஒரு கேட்டைத் தாண்டிப் போனால் அது எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட வேண்டும். மூடியிருந்தால் மூடு. திறந்திருந்தால் திறந்தபடி விடு. நல்லது செய்வதாக நினைத்து மூடினால் மாடுகள் தண்ணீருக்குப் போக வழியில்லாமல் சாகும் என்றார். தெற்குக் கேட்டைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. அது எப்போதும் திறந்தே கிடக்கும், அதை யாருமே தொடக்கூடாது.

காரணத்தைப் பிறகு டெல்பர்ட் சொன்னார். முப்பது வருஷமாக அந்தப் பண்ணையில் வேலை செய்கிறவர். பதினோரு வருஷத்துக்கு முன், ஒரு ஏப்ரல் மாதப் பனிப்புயல். ஆரினின் மனைவி வெர்னா, தெற்குக் கேட் வழியாக மாடுகளைக் காற்று அடிக்காத பள்ளத்துக்குள் இறக்கிவிடப் போனாள். கேட் மூடிக் கிடந்தது. மான் உதிர்த்த கொம்பு பொறுக்க வந்த யாரோ வெளியூர்க்காரன் மூடிவிட்டுப் போயிருக்கிறான். புயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருநூறு மாடுகள் வந்து வேலியில் நெருக்கின. வெர்னா நடுவில் மாட்டிக்கொண்டாள். உடலை எடுத்தபோது அவள் விரல்கள் கம்பியோடு உறைந்து ஒட்டியிருந்தன. மூடியவன் யாரென்று இன்றுவரை தெரியாது.

எனக்கு இதெல்லாம் தெரிந்தது ஒரு நாள் தாமதமாக.

அதற்கு முன்பே நான் அந்தக் கேட்டை மூடியிருந்தேன்.

ஜூலை பத்தாம் தேதி லாயத்துக் கேட்டைத் திறந்துபோட்டு வந்துவிட்டேன். ஆறு குதிரைகள் புல்வயலுக்குள் ஓடிவிட்டன. டெல்பர்ட் ஒரு மணிநேரம் அலைந்து பிடித்து வந்து, "உங்க ஊர்ல கேட்டெல்லாம் தானா மூடிக்குமோ, மகாராணி?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் தனியாக நடக்கப் போனவள் முள்கம்பியைக் கம்புகளில் கட்டிச் செய்த கேட் ஒன்று தரையில் விரிந்து கிடப்பதைப் பார்த்தேன். அது எந்தக் கேட் என்று யோசிக்கவில்லை. விதியும் ஞாபகத்துக்கு வரவில்லை. அதன் கடைசிக் கம்பைத் தோளில் முட்டி இழுத்து, வேலிக் கம்பத்தின் கம்பி வளையத்தில் மாட்டிவிட்டு வந்தேன். பெருமையாக இருந்தது.

அதற்கடுத்த நாள் மத்தியானம்தான் டெல்பர்ட் கதையைச் சொன்னது. சொல்லிவிட்டு அவரும் ஆரினும் தூரத்து வயலுக்குப் புல் அறுக்கப் போய்விட்டார்கள்.

மூன்று மணி. வெயில் கொளுத்தியது. ஒரு புல்நுனிகூட அசையவில்லை.

மாடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் வடக்குக்கு முதுகைத் திருப்பின.

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தெற்கே நடக்க ஆரம்பித்தன. கத்தவில்லை. கன்றுகள் இடறி விழுந்தால் மிதித்துக்கொண்டு போயின.

நான் அம்மாவிடம் ஓடிப்போய், கேட்டை மூடியதைச் சொல்லிவிட்டேன். அம்மா என்னைத் திட்டவில்லை. பிக்கப் சாவியை எடுத்தாள். வேலி ஓரத்தில் நிறுத்தி, என்னை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினாள்.

"யார் கேட்டாலும் நான்தான் மூடினேன்னு சொல்லு. உனக்கு ஒண்ணும் தெரியாது. புரியுதா, ஜோயெல்?"

வேலி ஓரமாகவே கேட்டை நோக்கி ஓடினாள்.

அப்போதுதான் எனக்குக் காற்று கேட்டது. வெளியே ஒன்றும் அசையவில்லை, ஆனால் ஊளையிடுகிற காற்று. ஈரத்தோல் நாற்றம். அதற்குள் இரும்பை நக்கியதுபோல ஒரு குளிர்வாசனை.

மாடுகள் வேலியில் மோதின. பின்னால் வந்தவை முன்னால் இருந்தவற்றின் மேல் ஏறின. கம்பி ஒரு மாட்டின் கழுத்தை அறுத்து, ரத்தம் பிக்கப்பின் கண்ணாடியில் அடித்தது. ஒரு கன்றின் விலா எலும்பு உடைகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அம்மா வளையத்தைப் பிடித்துவிட்டாள்.

அவள் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை இருந்தது.

கருநீலம். நகம் இல்லை.

அது கம்பியை விட்டது. அம்மாவின் தலைமுடியைப் பிடித்தது. தலையைக் கம்பத்தில் மோதியது. மறுபடியும். மறுபடியும். முகத்தைப் பார்த்தேனா என்று கேட்காதீர்கள். மாடுகளுக்கு நடுவே ஒரு வாய் தெரிந்தது. அது ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டது.

"யாரு?"

நான் கதவைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். பூட்டு உள்பக்கம்தான் இருந்தது.

தூரத்து வயலிலிருந்து புழுதியைப் பார்த்து ஆரின் டிராக்டரோடு வந்து வேலியையே பெயர்த்தார். மாடுகள் பள்ளத்துக்குள் கொட்டின. காற்று நின்றது. பதினேழு கன்றுகள் செத்துக் கிடந்தன. அம்மாவை அவர் தூக்கியபோது அவள் இடது கை தோளிலிருந்து துணிபோலத் தொங்கியது.

கேட்டை மூடியது யார் என்று ஆரின் ஒரே ஒருமுறை கேட்டார். அம்மா என்று சொன்னேன். அவர் முகம் மாறிய விதத்தைப் பார்த்ததும், இனி செப்டம்பர் வராது என்று தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் எலும்புகளைச் சரிசெய்த டாக்டர், அம்மாவின் விரல்களைப் பார்த்துக் குழம்பிப்போனார். பனியில் கருகிய விரல்கள். ஜனவரியில் தினம் பார்ப்பேன், ஜூலையில் எப்படி என்று என்னிடம் கேட்டார். நான்கு விரல்களை எடுக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா கண் திறந்தாள். ஆரின் வெளியே பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவில்லை. போகவும் இல்லை. அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். நீ அவருக்கு வேண்டும், அவர் உனக்கு வேண்டும், என்னால் கெட வேண்டாம் என்றேன்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல் இல்லாத கட்டுத்துணிதான் பட்டது.

"அவரை விடு. அவ கேட்டா. நான்தான் மூடினேன்னு சொன்னேன். ஒவ்வொரு தடவை மோதும்போதும் சொன்னேன்டி."

"சரிம்மா. பேசாதே."

"அவ நம்பல."

நர்ஸ் வந்து எனக்குச் சூடான காப்பி கொடுத்துவிட்டுப் போனாள். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தேன். காகிதக் கோப்பை, ஆவி பறந்தது.

சூடு தெரியவில்லை.

கோப்பையைக் கீழே வைத்துப் பார்த்தேன். என் பத்து விரல் நுனிகளும் மெழுகுபோல வெளுத்திருந்தன.