ஜலமா, வெள்ளமா?

மலையாளம் பேசும் ஊரான கரமனையில் சாம்பசிவன் வீட்டில் எல்லாவற்றுக்கும் சரியான சொல் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது சாம்பசிவனுக்கு மட்டுமே தெரியும்.

அவர் மகாராஜாவின் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. அங்கே அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. அதனால் வீட்டுக்கு வந்ததும் கோட்டைக் கழற்றிவிட்டு ஆள்காட்டி விரலை உயர்த்துவார்.

"அப்பா, குடிக்க வெள்ளம் வேணுமா?" என்று ஒருநாள் பத்து வயது மகள் சூடாமணி, தண்ணீருக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லும் மலையாளச் சொல்லில் கேட்டாள்.

விரல் எழுந்தது. "வெள்ளம்னா ஊரையே அடிச்சுண்டு போறது! ஜலம்னு சொல்லு. பத்துத் தரம்!"

சொன்னாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் தாகம் எடுத்தது. "ஜலம்" என்றாள். வகுப்பே சிரித்தது. ஒரு வாரம் அவளுக்கு அதுதான் பெயர்.

அதிலிருந்து சூடாமணி ஒவ்வொரு சொல்லையும் நாக்கிலேயே பிடித்து வைத்தாள். இது வீட்டுச் சொல்லா, பள்ளிக்கூடச் சொல்லா? அவள் முடிவு செய்வதற்குள், கேட்டவர்கள் போய்விடுவார்கள்.

கூடப் படிக்கும் ஓமனா மட்டும் தினமும் வந்து, "களிக்கான் வருந்நோ?" என்று கேட்டாள். விளையாட வருகிறாயா என்று அர்த்தம். சூடாமணி பாவாடை நுனியைக் கசக்கிக்கொண்டு நிற்பாள். ஓமனா ஓடிய பிறகு பள்ளிக்கூடத்துப் புளிய மரத்தடியில் உட்கார்ந்து, சிலேட்டில் 'வரேன்' என்று எழுதி அழிப்பாள். அந்தப் பதிலை மரம் மட்டும்தான் படித்தது.

வெள்ளிக்கிழமை ஓமனா, "திங்களாழ்ச்ச ஒரு தவண கூடி சோதிக்கும். பின்னெ இல்ல" என்றாள். திங்களன்று இன்னும் ஒரே ஒரு முறை கேட்பாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் மேலதிகாரி குறுப்பு சார் வில்வண்டியில் வந்து இறங்கினார். அவரை வரவேற்க அப்பா நான்கு நாட்களாகக் கண்ணாடி முன் ஓர் இங்கிலீஷ் வாக்கியம் பழகியிருந்தார். 'உங்கள் வருகையால் எங்கள் எளிய குடிசை பெருமை பெற்றது' என்று அதற்கு அர்த்தம்.

குறுப்பு சார் வாசலில் நின்றார். அப்பா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார். வாக்கியம் இங்கிலீஷிலேயே தலைகீழாக வந்தது: "எங்கள் வருகையால் உங்கள் எளிய குடிசை பெருமை பெற்றது, சார்!"

குறுப்பு சார் தன் வீட்டைப் பார்ப்பதுபோல் சுற்றும் பார்த்தார். "அப்போ இது என்றெ வீடாணோ?"

அப்பாவின் கை வேட்டி நுனியைக் கசக்கிக்கொண்டிருந்தது.

சூடாமணி அந்தக் கையைப் பார்த்தாள். அட, அப்பாவுக்கும் இப்படித்தானா! பாவமாக இருந்தது. எந்தச் சொல் என்று யோசிக்க நேரமில்லை.

"இரிங்கோ மாமா! வெள்ளம் கொண்டு வரட்டா?"

பாதி தமிழ், பாதி மலையாளம். அப்பாவின் விரல் எழுந்தது.

"கொண்டு வா மோளே, நல்ல தாகம்!" என்று சிரித்தபடி குறுப்பு சார் நாற்காலியில் உட்கார்ந்தார்.

எழுந்த விரல் பாதி வழியில் நின்று, அப்பாவின் காதைச் சொறிந்துவிட்டு இறங்கியது.

"சூடாமணி," என்றார் அப்பா, மெல்ல. "அந்த... அந்த வெள்ளத்துல எனக்கும் ஒரு டம்ளர்."

திங்கட்கிழமை ஓமனா கேட்டாள். "களிக்கான் வருந்நோ?"

சூடாமணியின் கை பாவாடை நுனிக்குப் போனது. பாதியில் நின்றது.

"வரேன்... வராம்... ரெண்டும்!"

"ஒரு ஆளு வந்தா மதி!" ஒருத்தி வந்தால் போதுமாம். ஓமனா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஜலம்!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

"வெள்ளம்!" என்று திருப்பிக் கத்திவிட்டு சூடாமணி ஓடினாள்.

புளிய மரத்தடியில் சிலேட்டு மட்டும் தனியாகக் கிடந்தது.