இரண்டாம் ஓபோ

உயிரோடிருந்தவர்கள் எல்லோரும் ஆரபிக்கு ஆதரவாகக் கைதூக்கினார்கள். பிறகு எதிரொலியர்களின் விளக்குகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. சிவப்பென்றால் மறுப்பு. இசைக்குழுவின் செலோ வரிசையிலிருந்த தர்மினி, முதல் ஓபோ குழல்காரரின் இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவள் கணவன் குலேந்திரனின் இடம். கடைசியில் அதன் விளக்கும் சிவந்தது. ஒரு வாக்கில் அவர்கள் மகள் ஆரபி தோற்றுப்போனாள்.

ஜெர்மனியின் ஆல்டன்பிரூக் நகரத்துச் சாயப்பட்டறைத் தொழிலாளர்கள் சந்தா போட்டுத் தொடங்கிய இசைக்குழு அது. சோதனை ஆண்டு வாசித்த புதியவரைச் சேர்ப்பதா என்று அன்றுமுதல் குழுவினரே வாக்களித்து முடிவு செய்தார்கள். எதிரொலியர் வந்ததும் மரணம் யாரையும் இருக்கையை விட்டு எழுப்பவில்லை. ஒருவரின் மூச்சு, விரலசைவு, பேச்சு, மனம் எல்லாவற்றையும் வாழும்போதே பதிந்து, அவர் இறந்தபின் அவராகவே வாசிக்கும் பொறிதான் எதிரொலியர். பதிவுக்குப் பின் நடப்பது எதுவும் மறுநாள்வரை அதில் தங்காது. தங்கினால் வாசிப்பு மாறிவிடும்.

அவர்களுக்கும் வாக்குரிமை வேண்டுமென்று அன்று சண்டை பிடித்தவளே தர்மினிதான். "என்ர மனுசன் என்ன, வானொலிப் பெட்டியோ?" என்று பொதுக்கூட்டத்தில் அழுதிருந்தாள்.

எல்லோரும் கலைந்தபின் அவள் அந்த இருக்கையருகே போனாள்.

"ஏனப்பா மாட்டனெண்டனீங்கள்?"

"அந்தப் பிள்ளை அருமையா ஊதுறாள்," என்றது குலேந்திரனின் குரல். "ஆனா இரண்டாம் ஓபோவை எங்கட ஆரபிக்கெல்லோ வைச்சிருக்கிறன். அவள் வளர்ந்து வரட்டும்."

"அவள்தானப்பா ஆரபி!"

"பகிடி விடாதையும். அவளுக்குப் பன்னிரண்டு வயசு. இப்ப பள்ளிக்கூடத்தில இருப்பாள்."

எத்தனை முறை சொன்னாலும் அவன் நாளைக்கு மறந்துவிடுவான். தர்மினி திரும்பி நடந்தாள்.

வெளியே ஆரபி சுவரில் சாய்ந்து நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

"அப்பாவும் எதிராத்தானே போட்டவர்?"

"ஓம்."

"என்னவாம்? என்ர வாசிப்புப் பிடிக்கேல்லையாமோ?"

தர்மினி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்லலாமா என்று நினைத்தாள். முடியவில்லை.

"பிடிச்சதாம், குஞ்சு. ஆனா அந்த இடத்தை உனக்கெண்டு வைச்சிருக்கிறாராம்."